விட்டுக் கொடுக்காத ஆட்டம்

எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும், காபி டம்ளர் அவர்கள் கைக்குப் போவதற்குள் என் வீட்டுக்காரர் அந்தப் பேச்சை எடுத்துவிடுவார். "காரம் போர்டு ஆடினா இவதான் ஜெயிப்பா. பாவம்னு நான் விட்டுக் குடுத்துடுவேன்" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். கல்யாணமான புதிதில் நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். பிறகு அது வெறும் புன்னகையாயிற்று. அதுவும் போய், சமையலறைக்குள் பாத்திரத்தைக் கொஞ்சம் ஓசையோடு வைப்பதில் வந்து நின்றது.

கோபம் அவர் கேலி செய்வதில் இல்லை. அவர் சொல்வது நிஜமாக இருந்துவிடுமோ என்பதில்தான். யோசித்துப் பாருங்கள், முப்பது வருஷத்துக்கும் மேலாக நான் காரம் ஆடியது அவர் ஒருவரோடுதான். ஆபீஸில் அவருக்கு ரிக்ரியேஷன் கிளப் இருந்தது. மேஜை போட்டு, விளக்கு தொங்கவிட்டு, மத்தியானம் சாப்பாட்டு வேளையில் ஆடுவார்கள். எனக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. அங்கே எங்களுக்குக் கிடைத்த ஓய்வு நேரத்தில் டிபன் பாக்ஸைத் திறக்கலாம், மூடலாம், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டுவிட்டு, சிட்லபாக்கம் வீட்டின் முன்னறையில் பாயை விரித்து, போர்டைத் தரையில் போட்டு ஆடுவோம். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அவர் சோம்பல் முறித்தபடி எழுந்து, "சந்தோஷமா?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் ஜெயித்த ருசி அத்தனையும் போய்விடும். எனக்கு ஆடத் தெரியுமா, இல்லை ஆடத் தெரிந்ததாக ஒருவர் என்னை நம்ப வைத்திருக்கிறாரா? வேலையிலிருந்து ஓய்வு பெற்று, இரண்டு பிள்ளைகளுக்கும் கல்யாணம் செய்து அனுப்பிவிட்ட பிறகும் இந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாமலே இருந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஜனவரி மாதம். எங்கள் தெரு நலச் சங்கத்தின் செயலாளர் மாலையில் வந்தார். பாங்கில் இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், ஆனால் எதையும் தன் வழியில்தான் நடத்துவார். குடியரசு தினத்தை ஒட்டி விளையாட்டுப் போட்டிகள் வைக்கிறார்களாம். அந்த வருஷம் புதிதாக அறுபது வயதைத் தாண்டியவர்களுக்குக் காரம். என் வீட்டுக்காரர் உடனே பெயர் கொடுத்தார்.

"பிராக்டிஸ் எல்லாம் இருக்கா சார்?" என்று கேட்டார் செயலாளர்.

"எங்க? வாராவாரம் இவளோட ஆடறேன். விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்து என் கையே கெட்டுப் போச்சு."

நான் காபியோடு வந்துகொண்டிருந்தேன். டம்ளரை வைத்துவிட்டுச் சொன்னேன்: "என் பேரையும் எழுதிக்கங்க."

செயலாளர் பேனாவை மூடினார். "மேடம், லேடீஸுக்குக் கோலப் போட்டி இருக்கு. மியூசிக்கல் சேர் இருக்கு. நீங்க மியூசிக்கல் சேர்ல..."

"எனக்கு அறுபத்தொண்ணு ஆச்சு. நாற்காலியைச் சுத்தி ஓடி விழுந்தா ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிட்டுப் போவாங்க? அறுபதைத் தாண்டினவங்கன்னுதானே சொன்னீங்க? ஆம்பளைங்கன்னு சொன்னீங்களா?"

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் காபியைப் பார்த்தார். கடைசியில் செயலாளர் பேனாவைத் திறந்தார்.

செயலாளர் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. வாய்க்கு என்ன, சொல்லிவிட்டது. வெளியாள் ஒருவரிடம் முதல் சுற்றிலேயே தோற்றுவிட்டால், இத்தனை வருஷமும் அவர் சொன்னது நிஜம் என்று தெருவே தெரிந்துகொள்ளும். தெரு தெரிந்துகொண்டால்கூடப் பரவாயில்லை, எனக்கே தெரிந்துவிடுமே. போட்டி நாள் வரைக்கும் அவரோடு நான் ஆடவில்லை. கூப்பிட்டார், தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

போட்டி ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து, தாம்பரத்தில் இருந்து பஸ் பிடித்து நாங்கள் வந்து சேர்வதற்குள் காலி மனையில் ஷாமியானா கட்டி, ஸ்பீக்கரில் ஒருவர் 'ஹலோ, மைக் டெஸ்டிங்' சொல்லிக்கொண்டிருந்தார். ஷாமியானாவுக்குக் கீழே இரண்டு காரம் போர்டுகள். இரண்டும் உயரமான ஸ்டாண்டின் மேல் இருந்தன. நான்கு பக்கமும் இரும்பு மடக்கு நாற்காலி.

வாழ்நாளில் நான் நாற்காலியில் உட்கார்ந்து காரம் ஆடியதே இல்லை. என் போர்டு எப்போதும் தரையில்தான் இருந்திருக்கிறது. நான் மேலே இருந்து குனிந்து பார்க்க, காய்கள் எல்லாம் கீழே பரந்து கிடக்கும். இந்த ஸ்டாண்டும் நாற்காலியும் என் நினைப்பிலேயே இல்லை. பெயர் கொடுக்கும்போது நினைத்தேனா? ரோஷத்தில் பெயர் கொடுப்பவர்கள் நாற்காலியையா நினைப்பார்கள்?

எட்டுப் பேர். ஏழு ஆண்கள், நான். மூன்று ஆட்டத்தில் இரண்டை ஜெயிப்பவர் அடுத்த சுற்றுக்குப் போவார். என் முதல் எதிராளி விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை முறுக்கி, சட்டையை உள்ளே செருகி, கும்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

முதல் ஆட்டத்தை எப்படி விவரிப்பது? போர்டு என் மார்பு உயரத்துக்கு வந்தது. முன்னால் இருக்கும் காய் பின்னால் இருப்பதை மறைத்தது. எந்தக் காய் எந்தக் கோணத்தில் போகும் என்று ஒன்றுமே பிடிபடவில்லை. முழங்கை கட்டையில் இடித்தது. ஸ்ட்ரைக்கர் தானாகப் போய்க் குழியில் விழுந்தது, மறுபடியும் விழுந்தது. என் கணக்கில் இருந்த காய்களைத் திரும்ப எடுத்து வைத்ததுதான் மிச்சம். அவருடைய காய்கள் எல்லாம் தீர்ந்தபோது என் வெள்ளைகள் ஏறக்குறைய அப்படியே போர்டில் கிடந்தன. சுற்றி நின்றவர்கள் பாவப்பட்டுப் பார்த்தார்கள். கோலப் போட்டிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டம்மா, "போதும்க்கா, கலந்துக்கிட்டதே பெரிசு" என்று தோளைத் தட்டினார். அப்போது எனக்கு அழுகை வந்தது. வந்ததைப் பல்லைக் கடித்து நிறுத்தினேன்.

எதிர் வரிசையில் தன் ஆட்டத்தை முடித்துவிட்டு என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

இரண்டாவது ஆட்டத்துக்குக் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். தொங்கப்போட்டு உட்கார்ந்ததில் என் கால் மரத்துப் போயிருந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. எங்கே உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் காலைத் தூக்கி மடித்துச் சம்மணம் போட்டுவிடுவேன். சாப்பாட்டு மேஜையிலும் அப்படித்தான், கூட்டம் இல்லாத எலெக்ட்ரிக் ட்ரெயினிலும் அப்படித்தான். மகள் திட்டுவாள். அன்றைக்கும் நினைப்பில்லாமலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, புடவையை இழுத்து விட்டுக்கொண்டு, அந்த இரும்பு நாற்காலியின் மேல், பாதம் இரண்டையும் அடியில் செருகி, சம்மணம் போட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால், போர்டு கீழே இருந்தது.

என் போர்டு. காய்கள் எல்லாம் விரிந்து, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி தெரிய, எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து பார்ப்பதைப் போலவே இருந்தது. உடம்பு அந்த உயரத்தைக் கண்டுகொண்டதும் கை தானாக இடத்துக்கு வந்தது.

நடுவராக நின்றிருந்த செயலாளர் பதறினார். "மேடம், இது டோர்னமெண்ட். அப்படியெல்லாம் உக்காரக் கூடாது."

"நாற்காலியிலதானே உக்காரணும்? உக்காந்திருக்கேன். காலை எங்க வைக்கணும்னு ரூல் இருக்கா?"

அவர் சுற்றிலும் பார்த்தார். அப்படி ஒரு விதி யாருக்கும் தெரியவில்லை. இஸ்திரி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர், "அம்மா நல்லாத்தான குந்திகினு கீறாங்க, இதுல இன்னா தப்பு?" என்றார். விமானப் படைக்காரர் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். "உக்காரட்டும் சார். வயசானவங்க."

அந்த வார்த்தைக்காக அவர் அடுத்த அரை மணி நேரம் வருத்தப்பட்டிருப்பார். முதல் அடியிலேயே நடுவில் இருந்த காய்கள் உடைந்து நாலாபக்கமும் ஓடின. ஒரு வெள்ளை விழுந்தது. அதன் பின்னால் இன்னொன்று விழுந்தது. சிவப்புக் காயான ரெட்டை ஓரத்தில் தொட்டுக் குழியில் தள்ளி, ஃபாலோவாக அடுத்த வெள்ளையையும் உடனே போட்டேன். ஃபாலோ போடாவிட்டால் ரெட் நம்முடையதாகாது, திரும்ப நடுவுக்கே வந்துவிடும். விமானப் படைக்காரர் மீசையைத் தொடுவதை நிறுத்திவிட்டார். இரண்டாவது ஆட்டம் எனக்கு, மூன்றாவதும் எனக்கு. எழுந்து நின்று அவர் மறுபடியும் கும்பிட்டார். இந்தக் கும்பிடு வேறு கும்பிடு.

அரை இறுதியில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர். நிதானமாக ஆடுவார். நிதானமாகவே தோற்றார். அடுத்த போர்டில் என் வீட்டுக்காரர் தன் எதிராளிகள் இரண்டு பேரையும் கிளப் ஆட்டம் ஆடிச் சுருட்டி வைத்திருந்தார்.

மைக்கில் அறிவித்தார்கள்: இறுதிப் போட்டியில் கணவனும் மனைவியும். ஷாமியானா முழுக்கச் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியாட்கள் இரண்டு பேரை ஜெயித்தாயிற்று, எனக்கு ஆடத் தெரியும் என்று பாதி தெரிந்துவிட்டது. மீதிப் பாதி இவர் கையில் அல்லவா இருக்கிறது? இவர் இங்கேயும் விட்டுக் கொடுத்துவிட்டால்? இத்தனை பேர் நடுவில், பெரிய மனது செய்து, பாவம் என்று கப்பை என் பக்கம் தள்ளிவிட்டால்? தோற்பதைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மத்தியானம் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாதமும் தயிர் சாதமும் பொட்டலமாகக் கொடுத்தார்கள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

"ஒண்ணு சொல்றேன்" என்றேன். "விட்டுக் குடுத்தீங்கன்னு தெரிஞ்சா அந்த நிமிஷமே எழுந்து வீட்டுக்குப் போயிடுவேன். ராத்திரிச் சாப்பாடு நீங்களே பண்ணிக்கணும்."

"சரி சரி, சாப்பிடு" என்றார்.

அந்த 'சரி சரி' எனக்குப் பிடிக்கவே இல்லை.

முதல் ஆட்டத்தை அவர் எடுத்தார். ஸ்டாண்டில் ஆடிப் பழகிய கை. நான் மூச்சு விடுவதற்குள் ரெட்டும் போயிற்று, ஃபாலோவும் போயிற்று. எனக்கு நிம்மதியாக இருந்தது, மனுஷன் ஆடத்தான் வந்திருக்கிறார் என்று. இரண்டாவது ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கடைசியில் அவருக்கு ஒரே ஒரு கருப்பு. குழிக்கு நேராக, ஊதினால் விழும் தூரத்தில் இருந்தது. அடித்தார். ஸ்ட்ரைக்கர் அதைத் தொடாமல் நூலிழையில் விலகிப் போயிற்று. அடுத்த கையில் நான் என் காய்களை முடித்துவிட்டேன்.

கை தட்டினார்கள். இஸ்திரிக்காரர் உரக்கச் சொன்னார்: "சாரு வுட்டுக் குட்த்துட்டாருப்பா."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. போர்டுக்கு மேலே குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "எழுந்து போகட்டுமா?" என்றேன்.

"கை வேர்த்துப் போச்சு" என்று உள்ளங்கையைக் காட்டினார். உள்ளங்கை ஈரமாகத்தான் இருந்தது, பவுடர் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது. ஜனவரி மாதத்தில் யாருக்குக் கை வேர்க்கும்? நம்பவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை. உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஆட்டம். அவர் கருப்பு, நான் வெள்ளை. ரெட்டை அவர் போட்டார், ஃபாலோ தவறியது, ரெட் நடுவுக்கு வந்தது. பிறகு நான் போட்டேன், ஃபாலோவும் போட்டேன். எனக்கு ஒரு வெள்ளைதான் பாக்கி. அவசரப்பட்டு அடித்ததில் அது எதிர் மூலைக் குழிக்கு ஒரு சாண் முன்னால் போய் நின்றுவிட்டது. அவருக்கும் ஒரு கருப்புதான் பாக்கி. அது அவர் பக்கத்துக் கட்டையை ஒட்டிக் கிடந்தது, ஒரே அடியில் எந்தக் குழியிலும் போட முடியாது.

அவர் உடனே அடிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். ஸ்ட்ரைக்கரை இப்படி வைத்தார், அப்படி வைத்தார். பிறகு மெல்ல, மிக மெல்ல, தன் கருப்பை ஒரு தட்டுத் தட்டினார். அது கட்டையோடு ஊர்ந்து வந்து, என் வெள்ளைக்கும் குழிக்கும் நடுவில், குழியின் வாயிலேயே நின்றது. அடுத்த கை அவருக்குக் கிடைத்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு முடித்துவிடுவார். நான் என் வெள்ளையை நேராக அடித்தால், அது அவர் கருப்பைத்தான் உள்ளே தள்ளும். அப்போதும் அவர்தான் ஜெயிப்பார்.

இவ்வளவு வருஷ வீட்டு ஆட்டத்தில் அவர் ஒரு நாளும் என் காயை இப்படி மறித்ததில்லை.

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? கழுத்தை நெரிப்பதைப் போல மறித்து வைத்திருக்கிறார், எனக்கோ உள்ளே தேர் ஓடியது. இது விட்டுக் கொடுப்பவர் செய்கிற வேலை இல்லை. ஜெயித்தே தீர வேண்டும் என்று நினைப்பவர் செய்கிற வேலை. என்னை ஜெயிக்க இந்த மனுஷன் கண்ணாடி துடைக்கிறார், கணக்குப் போடுகிறார், கை வேர்க்கிறார். அந்த வேர்வையும் நிஜம்தான் என்று அப்போதுதான் நம்பினேன். இனி தோற்றால்கூட எனக்குக் கவலை இல்லை என்று ஒரு கணம் தோன்றியது. மறு கணமே, தோற்கக் கூடாது என்றும் தோன்றியது.

நேராக வழி இல்லை. அந்தப் பக்கம் போய்த் திரும்பி வரும் வழி ஒன்று இருந்தது. ஸ்ட்ரைக்கர் எதிர்க் கட்டையில் மோதித் திரும்பும்போது வெள்ளையைப் பின்னால் இருந்து தொட வேண்டும். தொட்டால் வெள்ளை போர்டின் முழு நீளத்துக்கும் என்னை நோக்கி ஓடி வந்து, என் வலது கைப் பக்கத்துக் குழியில் விழ வேண்டும். வீட்டில் எப்போதாவது அடித்திருக்கிறேன். விழுந்தால் அவர் 'குருட்டு அதிர்ஷ்டம்' என்பார்.

முட்டியை இன்னும் கொஞ்சம் மடக்கிக்கொண்டு, உடம்பை உயர்த்திப் பார்த்தேன். அடித்தேன்.

ஸ்ட்ரைக்கர் போயிற்று, மோதிற்று, திரும்பிற்று. வெள்ளையைத் தொட்ட சத்தம் சின்னதாகக் கேட்டது. வெள்ளை கிளம்பி வந்தது. பாதி வழியில் அதன் வேகம் குறைவதைப் பார்த்து செயலாளரே "ஐயோ" என்றார். குழியின் விளிம்பில் ஒரு கணம் தயங்கி, வலைக்குள் விழுந்தது.

நான் நாற்காலியில் சம்மணம் போட்டபடியே இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அறுபத்தொரு வயதுப் பெண்பிள்ளை செய்கிற காரியமா என்று மகள் கேட்டிருப்பாள். கேட்கட்டும். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டார். நாற்காலி மடங்கி இரண்டு பேரும் விழப் பார்த்தோம்.

மாலையில் பரிசளிப்பு. சங்கத் தலைவர் மைக்கைப் பிடித்தார். வயதானவர், நாலு நல்ல வார்த்தை பேசாமல் எந்தப் பொருளையும் யாரிடமும் கொடுக்க மாட்டார். "இறுதிப் போட்டியில் நம்ம சார் தன் துணைவியாருக்கு விட்டுக் கொடுத்து, இல்லறம்னா என்னன்னு நமக்கெல்லாம் காட்டிட்டார்" என்றார். எல்லோரும் பலமாகக் கை தட்டினார்கள்.

கப் என் கையில் இருந்தது. அதைத் திருப்பி அவர் மேஜையிலேயே வைத்துவிட்டு இறங்கிவிடலாம் என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. போர்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஆனால் ஊருக்கு யார் சொல்வது? நான் சொன்னால் ஜம்பம் என்பார்கள்.

இரண்டாம் பரிசு வாங்க என் வீட்டுக்காரர் மேடைக்கு வந்தார். பரிசை வாங்கவில்லை. தலைவரின் கையில் இருந்து மைக்கை வாங்கினார். பேசிப் பழக்கம் இல்லாதவர். ஸ்பீக்கர் கிறீச்சிட்டது.

"தலைவர் சொன்னது தப்பு. நான் விட்டுக் குடுக்கல" என்றார். கொஞ்சம் நிறுத்தினார். "இன்னிக்கு மட்டும் இல்ல. வீட்டுலயும் ஒரு நாள்கூட விட்டுக் குடுத்ததில்ல. எல்லாம் தோத்ததுதான்."

யாருக்கும் கை தட்டத் தோன்றவில்லை. அவர் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பரிசை வாங்கிக்கொண்டு, கீழே இறங்கித் தன் செருப்பைத் தேடினார்.

ஏரிக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். நடந்துகொண்டே கேட்டேன்: "அப்புறம் ஏன் வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் அப்படிச் சொன்னீங்க?"

"தோத்துக்கிட்டே இருக்கறவன் வேற என்னதான் சொல்லுவான்?" என்றார்.

நான் நின்றுவிட்டேன். அவர் நாலடி முன்னால் போய்த் திரும்பிப் பார்த்தார். "வா, காபி நான் போடறேன்" என்றார்.